அவ கதைய வேற ஒருத்தன் சொன்னான்

எங்க குடோன்ல இப்பம் மொளகா வத்தலும் கெடையாது, கொத்தமல்லியும் கெடையாது. ஆனா மேல்மாடில போயி நின்னா மூக்கு அரிக்கும். எத்தனையோ வருசம் வத்தல் மூட்டைய அடுக்கி வச்ச எடம், சொவரு அதக் குடிச்சு வச்சிருக்கு. அந்தப் பிள்ளைக மொதமொதல்ல மேல ஏறிப்போன அன்னைக்கு நான் கீழ கேட்டுப் பக்கத்துல ஸ்டூலு போட்டு இருக்கேன். மேலேருந்து தும்மல் வருது. ஒண்ணு தும்மி முடிக்க முன்ன அடுத்தது தும்முது. பொறவு ஒரே சிரிப்பு. டான்ஸ் கிளாஸ்னு மொதலாளி மகன் போன்ல சொல்லியிருந்தான். தும்முகதுக்கு ஒரு கிளாஸா, செரி ஆகட்டும்னு நெனச்சேன்.

நான் எல்லை தாண்டி இந்த மலையாளத்து ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு வந்தது மீச மொளைக்காத வயசுல. தக்கல பக்கம் ஊரு. பள்ளிக்கூடம் போகல்ல. சாக்கு சொமந்து சொமந்து நடுமுதுகு வளஞ்சு போச்சு. பழைய மொதலாளி கண்ண மூடுகதுக்கு முன்ன, இவன கேட்டுல இருத்துங்க, எங்கயும் போகச் சொல்லாதீங்கன்னு மகன்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. நல்ல மனுசன். அவருக்கு மோருல உப்பு கூடுனா மட்டும் கோவம் வரும், வேற எதுக்கும் வராது. மகன் எர்ணாகுளத்துல இருக்கான். யாவாரம் நின்னுபோச்சு, குடோன் சும்மா பூட்டிக் கெடந்துது. அப்பிடித்தான் மேல்மாடி இந்தப் பிள்ளைக கைக்குப் போச்சு.

டான்ஸ் இல்ல, நாடகம்னு தெரியக் கொஞ்ச நாளாச்சு. பிள்ளைக யாருன்னு தெரிய இன்னும் கொஞ்ச நாளாச்சு. சனியும் ஞாயிறும் வரும். ஒண்ணு மொபைல் கடையில நிக்குது, ஒண்ணு நர்ஸு படிக்குது, ஒண்ணு வித்துரால இருந்து பஸ்சு பிடிச்சு வருது. ஆணாப் பொறந்து பெண்ணா ஆனது உண்டு, பெண்ணாப் பொறந்து ஆணா ஆனது உண்டு. ஆணுக்கு ஆண் மேலயே பிரியம், பெண்ணுக்குப் பெண் மேலயே பிரியம், அப்பிடியும் உண்டு. இன்னும் சிலதுக்கு என்னன்னு எனக்கு வெளக்கிச் சொன்னாங்க, மனசுல நிக்கல்ல. எல்லாத்துக்கும் தலைவி ஒரு சேச்சி. நரச்ச முடிய ஒட்ட வெட்டி, ஜீன்ஸ் போட்டுட்டு, ஸ்கூட்டர்ல வரும். மலையாளி. ஒரு நாளு எங்கூட நின்னு சாயா குடிச்சிட்டே சொல்லிச்சு, இவங்களுக்கு வீட்டுல ஒரு பேரு, ஜோலி பாக்குத எடத்துல ஒரு பேரு, இந்த மாடிப்படி ஏறுனாத்தான் சொந்தப் பேருன்னு. எனக்கு அது புரிஞ்சுது. இந்தச் சாலைக் கடைத்தெருவுல என்னையும் ஆளுக்கொரு பேரு சொல்லித்தான் விளிச்சானுவ, பெத்தவ வச்ச பேரு ஒருத்தனுக்கும் தெரியாது.

கீழ லாரில சரக்கு எறக்குத பயலுக சும்மா இருப்பானுவளா. எதுத்த கடைக்கு மூட்ட எறக்குத ஒருத்தன், நல்ல தடி ஆளு, ஒரு நாளு முதுகுல மூட்டையோட நின்னுட்டு ஒரு பிள்ளையப் பாத்துக் கேட்டான், நீ ஆணா பெண்ணான்னு. அந்தப் பிள்ள நின்னுது. கோவப்படல்ல. "அண்ணாச்சி மூட்டைய எறக்கி வச்சிட்டுக் கேளுங்க. பதிலு கொஞ்சம் நீளம், நடு ஒடிஞ்சிரும்"னு சொல்லிட்டுப் படியேறிப் போச்சு. மத்த பயலுக சிரிச்ச சிரிப்புல அவன் மூட்டைய அங்ஙனயே போட்டுட்டான். அந்தப் பிள்ளையப் பத்தித்தான் நான் இவ்வளவும் சொல்ல வந்தது.

அவ தமிழ்ப் பிள்ள. களியக்காவிள பக்கம் ஊரு. வீட்டுல மூத்த மகனாப் பொறந்தவ. வீட்ட விட்டு வந்து நாலஞ்சு வருசம் இருக்கும். கரமனைல ஒரு தையல் கடைல ஜோலி. நான் ஒரு நாயத் திட்டுகதக் கேட்டுட்டு, "பாட்டா நம்ம ஊரா?"ன்னு வந்து நின்னா. தாத்தாவ நாங்க பாட்டான்னுதான் சொல்லுவோம், வேற ஊர்க்காரனுக்கு அது வராது. அன்னையிலருந்து மேல போகுகதுக்கு முன்ன எங்கிட்ட வந்து கொஞ்ச நேரம் இருப்பா. மத்தவங்ககிட்ட முழுக்க மலையாளம். எங்கிட்ட மட்டும் தமிழ். நாக்கு துருப்பிடிச்சுப் போச்சு பாட்டா, ரெண்டு வார்த்த பேசிட்டுப் போறேன்னு சொல்லுவா. பேசுனா ரெண்டு வார்த்தையில நிக்காது. சந்தையில அவளுக்க அம்ம காய்கறி யாவாரம் செய்யுதது, அம்ம வெண்டைக்காய ஒடிச்சுப் பாக்க வாறவங்கள வையுதது, எல்லாத்தையும் அம்மைக்க கொரல்லயே பேசிக் காட்டுவா. எப்பம் பாத்தாலும் அம்ம. அப்பன்காரனப் பத்தி ஒரு சொல்லு வராது.

ஒரு நாளு அவளே சொன்னா. பன்னெண்டாம் கிளாஸ் படிக்குத காலத்துல, முடி கழுத்து வரைக்கும் வளத்திருக்கா. வளயலும் ஒரு பாவாடையும் கெழங்கு போடுத அறையில ஒளிச்சு வச்சிருந்திருக்கா. அம்ம அதக் கண்டுபிடிச்சிட்டா. ஒண்ணும் கேக்கல்ல. பள்ளிக்கூடம் விட்டு வாற வழியில கையப் பிடிச்சு நேர சந்தைக்குக் கூட்டிட்டுப் போயி, முடிவெட்டுத ஆளு முன்ன இருத்தி, மொட்ட அடிக்கச் சொல்லிட்டா. இவ எழும்ப எழும்ப, அம்ம ரெண்டு கையாலயும் தலைய அமுக்கிப் பிடிச்சிட்டு நின்னாளாம். சந்த முழுக்கப் பாத்துதாம். பொறவு ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம வீட்டுக்கு நடந்தாங்களாம். பேச்சு அன்னைக்கு நின்னதுதான். கொஞ்ச நாள்ல இவ எறங்கிட்டா.

"அம்மகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும் பாட்டா. ஏன் அப்பிடிச் செஞ்சன்னு. சண்டைக்கு இல்ல. சும்மா தெரிஞ்சுக்கணும்"னு சொன்னா. சொல்லும்போது அழல்ல. முடிய முன்னால எடுத்துப் போட்டுக் கையால தடவிட்டே இருந்தா. நல்ல நீளமான முடி அப்பம்.

அவங்க நாடகத்துக்கு ஒரு மொற உண்டு. அத நான் சொல்லணும், இல்லன்னா பொறவு நடந்தது புரியாது. எழுதி வச்ச கதைய நடிக்குகது இல்ல. அவங்க அவங்களுக்க சொந்தக் கதைய வட்டமா இருந்து சொல்லுவாங்க. பொறவு எல்லாரும் செருப்பக் கழத்தி நடுவுல போடணும். கண்ண மூடிட்டு ஆளுக்கொரு சோடி எடுக்கணும். யாருக்க செருப்பு கையில வருதோ, அவங்க கதைய நீ நடிக்கணும். உன் கதைய நீ நடிக்கக் கூடாது. யாரு கதை யாருதுன்னு வெளியில வாயத் தொறந்து மிண்டக் கூடாது.

எதுக்கு இந்த எடங்கேறு, இந்தச் சுத்துவழின்னு சேச்சிகிட்ட கேட்டேன். முன்ன ஒரு பையன் தன் கதையத் தன் வாயாலயே மேடையில சொல்லியிருக்கான். மறுநாளு அவன் ஜோலி பாத்த கடையில எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, வீட்டுக்காரங்க வந்து இழுத்துட்டுப் போயிட்டாங்களாம். அதுக்குப் பொறவு இந்தச் செருப்பு மாத்துகது. அடுத்தவன் சொன்னா அது வெறும் கதையாப் போயிரும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்புன்னு சேச்சி சொல்லிச்சு. கேக்க செரியாத்தான் இருந்துது. எனக்கும் செரின்னுதான் பட்டுது.

அந்தத் தடவ இவ செருப்பு விழிஞ்ஞத்துலருந்து வாற ஒரு பையன் கையில போச்சு. கடப்புறத்துப் பிள்ள, எப்பமும் சிரிச்ச மொகம், என்னைய அப்பூப்பான்னு விளிப்பான். அவனுக்க செருப்பு இவ கையில வந்துது. அவனுக்க கதை முழுக்க அவனுக்க அம்மையப் பத்தினது. அவன் வீட்ட விட்டு எறங்கிப் போன பொறவு, மீன் சருவத்த, அந்த அலுமினியப் பாத்திரத்தத் தலையில வச்சிட்டு, மீனும் வித்துட்டு, ஊரு ஊரா மகனத் தேடி நடந்தவ. அவ இப்பம் இல்ல, செத்துப்போனா. ஆக, இவ அந்த அம்மையா வேஷம் கெட்டணும். அவன் மொட்ட அடிச்ச பிள்ளையா இருக்கணும். நான் படியில நின்னு பாத்திருக்கேன். அந்தப் பையன் அவனுக்க அம்ம எப்பிடி விளிப்பா, எங்க மூச்சு வாங்குவான்னு சொல்லிக் குடுப்பான், இவ செய்வா. ஒரு நாளு இவ செய்ததப் பாத்துட்டு அவன் கீழ எறங்கி வந்து எங்கிட்ட இருந்துட்டான். என்னடேன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல அப்பூப்பா, மேல வத்தல் நெடின்னான்.

நாடகத்துக்கு நாளு வச்சாச்சு. மேல்மாடிலயேதான், தெரிஞ்சவங்க மட்டும். அப்பம் இவ எங்கிட்ட வந்து, அம்மைய போன்ல விளிக்கணும் பாட்டான்னு நின்னா. இவ பேசுனா அம்ம உடனே வச்சிருமாம். ஒங்க சத்தம் நம்ம ஊரு சத்தம், நீங்க விளிச்சா நின்னு கேக்கும்னா. நம்பர அவளே குத்திக் குடுத்தா.

நான் பேசுனேன். சந்த எரச்சல் கேக்குது. யாரு, என்னன்னு சொன்னேன். சோறு திங்கானான்னு அந்த அம்ம கேட்டா. திங்குதுன்னேன். நாடகம் இருக்கு, ஒங்க பிள்ள நடிக்குது, வந்து பாக்கணும்னேன். என்ன வேஷம்னு கேட்டா. ஒரு அம்மைக்க வேஷம்னேன். உள்ளதத்தான் சொன்னேன். பொறவு, வேஷம்தானேன்னு சொன்னா. அந்தக் கொரல்ல ஒரு பாரம் எறங்குனது எனக்குக் கேட்டுது. வாறேன்னுட்டா.

எனக்கு அது அன்னைக்கே புரிஞ்சிருக்கணும், நான்தான் நெனச்சுப் பாக்கல்ல. எங்க ஊருல கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம் போடுவாங்க. பெண்ணு வேஷத்துக்குப் பெண்ணு வராது, ஆணுதான் கெட்டணும். நான் ஒரு வருசம் ராணி வேஷம் கெட்டியிருக்கேன். வயசுல ஒல்லியா இருப்பேன். எனக்க அம்மதான் கண்ணுல மை எழுதி விட்டா, அவளுக்கிருந்த ஒரே பட்டுச் சேலைய உடுத்தி விட்டா. ஊரே பாத்துச் சிரிச்சுது, கையடிச்சுது. ராஜாவா வந்தவன் என்னைய ஊரெல்லாம் ராணின்னு விளிச்சிட்டு நடந்தான், அடுத்த கொட வரைக்கும். யாரும் அதுல ஒரு தப்பு காணல்ல. விடிஞ்சா மொகத்தக் கழுவிட்டுச் சாக்கு சொமக்கப் போயாச்சு. அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு வேஷம் கெட்டுகது ஒரு கொறச்சலே இல்ல. கலைச்சாப் போதும். அவளுக்க அம்மையும் அப்பிடித்தான் எடுத்துக்கிட்டா. இத்தன வருசமா எம் மகன் நாடகத்துக்காகத்தான் இப்பிடி நடந்திருக்கான்னு.

சொன்ன நாளுல வந்தா. தம்பானூர்ல பஸ்சு எறங்குத எடத்துல நான் போயி நின்னேன். கனத்த ஆளு இல்ல, வெயிலு தின்ன மொகம். கையில ஒரு துணிப்பை, அதக் கீழ வைக்கவே இல்ல. ஆட்டோல வரும்போது, அண்ணாச்சி, நாடகத்துல நல்ல பேரு எடுத்திருக்கானான்னு கேட்டா. எடுத்திருக்குன்னேன். மாடில கொண்டுபோயி முன்வரிசையில இருத்துனேன். நானும் பக்கத்துல இருந்தேன். அவளுக்கும் தும்மல் வந்துது.

ரெண்டு மூணு கதை போச்சு. பொறவு அந்த விழிஞ்ஞத்துப் பையன் வந்து ஸ்டூல்ல இருந்தான். பின்னால ஒரு பெண்ணு வந்து அவன் தலையில ரெண்டு கையையும் வச்சு அமுக்குனா. கத்தி இல்ல, கத்திரி இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் பேசுகான். மலையாளத்துலதான். சந்தையில ஆரு ஆரு நின்னா, எந்தக் கடையில ரேடியோ பாடுச்சு, மடியில விழுந்த முடி எவ்வளவு, எல்லாம் சொல்லுகான். எதுத்தாப்புல இருக்குத கூட்டத்தப் பாத்து, ஏன் அம்மே, ஏன் அப்பிடிச் செஞ்சேன்னு கேக்குகான். பின்னால யாரோ மூக்க உறிஞ்சுகது கேக்குது. பெண்ணு பிள்ளைக அழுது. ஆம்பிளைகளும் அழுதாங்க.

அந்த அம்ம அசையல்ல. களியக்காவிளக்காரங்களுக்கு மலையாளம் புரியாம இருக்குமா. மடியில இருந்த பைய ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு இருந்தா. ஒரே ஒரு தடவ தலையத் திருப்பி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாத்தா, யாராவது தன்னையப் பாக்காங்களான்னு. யாரும் பாக்கல்ல. யாருக்கும் தெரியாதே.

பொறவு இவ வந்தா. வெள்ள முண்டும் சட்டையும், தலையில சருவம், முடியில வெள்ளப் பவுடர் போட்டு நரைக்க வச்சிருந்துது. மகன விளிச்சிட்டு ஊரு ஊரா நடக்கா. அவளக் கண்ட உடன அந்த அம்மைக்க மொகம் தெளிஞ்சுது. எங்கிட்டச் சாஞ்சு, "நடையப் பாருங்க அண்ணாச்சி. சின்னதுலயே இப்பிடித்தான், யார மாதிரியும் நடந்து காட்டுவான்"னு சொன்னா. இவ மேடையில மகனே மகனேன்னு விளிக்கா, இங்க அம்ம பெருமையில சிரிச்சிட்டு இருக்கா. நான் எங்க பாக்கணும்னு எனக்குத் தெரியல்ல. முடிஞ்சப்பம் எல்லாருக்கும் முன்ன கையடிச்சது அவதான்.

படிப்பக்கம் ஒரு சின்ன அறை, அங்கதான் பிள்ளைக உடுப்பு மாத்தும். நான் அவளக் கூட்டிட்டுப் போயி ஒரு பெட்டி மேல இருத்துனேன். இவ தலைய உதறிக் கழுவிட்டு, வேஷத்துணிய மாத்திட்டு, தன்னோட சுடிதார்ல வந்து நின்னா. ஈரமுடி இடுப்பு வரைக்கும் கெடக்கு. அம்மைக்கு முன்ன நிக்குகா, கையி ரெண்டும் எங்க வைக்கணும்னு தெரியாம.

அந்த அம்ம பையத் தொறந்தா. உள்ள ஒரு சட்ட. ஆம்பிளச் சட்ட, புதுசு, கடைக்காரன் மடிச்சுக் குடுத்த மடிப்பு கலையாம.

"சீக்கிரம் கலைச்சிட்டு இதப் போட்டுட்டு வா மக்கா. இருட்டுகதுக்கு முன்ன வீட்டுக்குப் போயிரலாம்."

"கலைச்சாச்சு அம்மே."

"அந்த முடி?"

அம்ம எழும்பி வந்தா. பிள்ளைக்கு வேஷம் கலைக்க ஒரு கை குடுப்போம்னு, நெத்திக்கு மேல கைய வச்சு, முடியப் பிடிச்சு இழுத்தா. மெதுவா. வரல்ல. திரும்ப இழுத்தா, கொஞ்சம் பலமா. முடியோட கழுத்தும் சேந்து வந்துது.

கைய எடுக்கல்ல. அப்பிடியே தலையில வச்சிட்டு நின்னா. வெளியில ஆளுக சிரிச்சுப் பேசிட்டுப் படி எறங்குத சத்தம்.

"நொந்துதா?"ன்னு கேட்டா.

"இல்ல அம்மே."

அவ்வளவுதான். கைய எடுத்தா. சட்டையத் திரும்பப் பையில வச்சா, மடிப்பு கசங்காம. நான் வாறேன்னு சொன்னா, எங்கிட்டயும் இல்ல, அவகிட்டயும் இல்ல. படி எறங்கிட்டா. நான் பின்னால ஓடுனேன். ஓடுனேன்னு சொன்னா, எனக்க நடையில என்ன ஓட்டம். இவ அந்த அறையிலயே நின்னா. வருவான்னு பாத்தேன், வரல்ல. வந்தா அம்ம ரோட்டுல ஓடிருமோன்னு பயமா இருந்துதுன்னு பொறவு சொன்னா.

ஆட்டோ வேண்டாம்னுட்டா. தம்பானூர் வரைக்கும் நடந்தோம். பஸ் ஸ்டாண்டுல, வண்டி வாறதுக்கு நேரம் இருந்துது. சிமெண்டு பெஞ்சுல இருந்தா. நான் ஒரு சாயா வாங்கிக் குடுத்தேன். அதக் கையில வச்சிட்டு, குடிக்காம, மெதுவா ஆரம்பிச்சா.

"அந்தத் தலையப் பிடிச்சது எனக்க கையி அண்ணாச்சி. தெரியாதுன்னு நெனச்சீங்களா."

தெரியும்னேன். அந்தப் பிள்ள எங்கிட்டச் சொல்லியிருக்குன்னேன்.

"ஒங்ககிட்டச் சொன்னான். அந்தப் பயகிட்டச் சொன்னான். அவன் மேடையில இருந்து ஏன் அம்மேன்னு கேக்குகான். எல்லாரும் அழுகாங்க. நான் அந்தப் பயலுக்கா பதிலு சொல்ல முடியும்?"

நான் அவங்களுக்க மொறையச் சொன்னேன், செருப்பு மாத்துகத. யாரு மேலயும் பழி வரக்கூடாதுன்னு செய்யுத காரியம்னேன். கேட்டுட்டு இருந்தா. தலையாட்டுனா. நல்ல மொறதான்னா. பொறவு சொன்னா, பதிலு எங்கிட்ட உண்டு அண்ணாச்சின்னு.

அன்னைக்கு அந்த வளயலக் கண்டது அவ இல்ல. அப்பன். பாளையங்கோட்டான் வாழக்கொலை வெட்டுத அருவாளக் கையில எடுத்துட்டு, பள்ளிக்கூடம் விட்டு வரட்டும்னு வாசப்படில இருந்திருக்கான். சும்மா சொல்லுத ஆளு இல்ல அவன். இந்த அம்ம அவன் காலப் பிடிச்சிருக்கா. சாயங்காலத்துக்குள்ள தலைய மொட்ட அடிச்சு, ஊரு பாக்க அடிச்சு, உனக்கு ஆம்பிளப் பிள்ளையாக் கொண்டு நிறுத்துகேன்னு சொல்லி, வழியிலயே பிள்ளையப் பிடிச்சு சந்தைக்குக் கொண்டு போயிருக்கா. ஊரு பாக்க அடிச்சாத்தான் அவனுக்குத் தெரியும், அடங்குவான்னு. அடங்குனான். அருவா எறவாணத்துக்குப் போச்சு.

"முடி போச்சுன்னா உயிரு நிக்கும்னு நெனச்சேன். அத எப்பிடி பிள்ளகிட்டச் சொல்ல. உங்கப்பன் உன்னைய வெட்ட இருந்தான்னா? கேப்பான், கேக்கும்போது சொல்லலாம்னு இருந்தேன். இன்னைக்குக் கேப்பான்னுதான் வந்தேன். அவன் வேற எவனோ ஒருத்தனுக்க அம்மையா நின்னான்."

வண்டி வந்துது. சாயாவ அப்பிடியே எங்கிட்டத் தந்துட்டு ஏறிட்டா. சன்னல் பக்கம் எடம் கெடைச்சும் வெளியில பாக்கல்ல.

நான் குடோனுக்கு வந்து இவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மறைக்க எனக்கு மனசு வரல்ல. அருவா காரியம் சொன்னப்பம் அவ கீழ, தரையில இருந்துட்டா. அந்த விழிஞ்ஞத்துப் பையன் பக்கத்துல வந்து இருந்தான். நான்தானே கேட்டது, உன் வாயில வர வேண்டியத நான் கேட்டுட்டேன்னு அவன் மலையாளத்துல திரும்பத் திரும்பச் சொல்லுகான். சேச்சி சொவத்தப் பாத்துத் திரும்பி நின்னுது. அதுக்குப் பொறவு மொறைய மாத்தினாங்க. வீட்டுலருந்து யாராவது வாறாங்கன்னா, அந்தப் பிள்ள தன் கதையத் தானே சொல்லலாம்னு. ஆனா அதுக்குப் பொறவு யாருக்க வீட்டுலருந்தும் ஆளு வரல்ல.

கொஞ்ச வாரம் கழிஞ்சு எனக்க போனுல அந்த அம்ம விளிச்சா. சந்தையிலருந்து. வீட்டுல வச்சு விளிக்க ஒக்காது, அப்பன்காரன் இருக்கான். மொதல்ல ஒண்ணு சொன்னா, அண்ணாச்சி, போன எம் மகன்கிட்டக் குடுக்கக் கூடாது, குடுத்தா நான் பொறவு விளிக்க மாட்டேன்னு. பொறவு வெல நெலவரம், மழ, எனக்க முதுகு வலி, இதெல்லாம் பேசுனா. கடைசில, எல்லாருக்கும் சொகம்தானேன்னு கேட்டா. எல்லாரும்னா யாருன்னு எனக்குத் தெரியும். சொகம்னேன்.

அதுலருந்து ஞாயித்துக்கெழம சாயங்காலம் விளிப்பா. இவ அந்த நேரத்துக்கு வந்து எனக்க பக்கத்துல தரையில இருப்பா. நான் ஸ்பீக்கர்ல போடுவேன். தையக்காரப் பிள்ளல்லா, கையில எப்பமும் எதாவது துணி இருக்கும், அத வாயில வச்சுப் பொத்திட்டுக் கேப்பா. அம்ம வெண்டைக்கா வெலைய சொல்லுவா, இவ அதையும் விடாம கேப்பா. பஸ்சுல போகும்போது காத்துல முடி சிக்கு பிடிக்குமே, எண்ண வைக்குதா அங்கன்னு ஒரு தடவ கேட்டா அந்த அம்ம. இவ எனக்க கையப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சுது. வைக்குதுன்னு சொன்னேன். நல்லதுன்னா.

போன ஓணத்துக்கு முந்தின ஞாயிறு. அம்ம எதோ அப்பனுக்குக் காலு வீங்கியிருக்குன்னு பேசிட்டு இருந்தா. இவ வாயிலருந்து துணிய எடுத்தா. நான் தலைய ஆட்டுனேன், வேண்டாம்னு. ஆட்டுனேன், அவ பாக்கல்ல.

"அம்மே, எனக்கு அருவா காரியம் தெரியாது அம்மே."

அங்க பேச்சு நின்னுது. வைக்கல்ல. சந்த எரச்சல் கேக்குது, யாரோ வெல கேக்குகாங்க, ஒரு பஸ்சு ஹாரன் அடிச்சிட்டுப் போகுது. இவ போனுக்குக் கிட்ட மொகத்தக் கொண்டு போயி, மூச்சு விடாம இருக்கா. வெல கேட்டவங்க திரும்பவும் கேக்குகாங்க, ஏ பிள்ளே, என்ன வெலன்னு. பொறவு போனு நின்னுபோச்சு.

அதுக்குப் பொறவு விளிக்கல்ல. ஓணம் போச்சு, தீபாவளி போச்சு. நான் விளிச்சா மணி அடிக்கும், எடுக்க மாட்டா. இவ இப்பமும் ஞாயித்துக்கெழம நேரத்துக்கு வந்திருவா. நான் விளிச்சுப் பாப்பேன், முழுக்க அடிச்சு நிக்கும். நேத்தும் அப்பிடித்தான். எடுக்கல்ல மக்களேன்னேன்.

"மணி அடிக்குதுல்லா பாட்டா"ன்னா. "நம்பர மாத்தல்ல."

சொல்லிட்டு மேல ஏறிப் போனா.